இரண்டு டிரில்லியன்கள், ஒரே குழப்பம்: மலேசியாவின் அரசாங்கக் கடனும் வெளிக்கடனும்

2023 முடிவில் மலேசியக் கூட்டரசு அரசாங்கத்தின் கடன் 1,172.5 பில்லியன் ரிங்கிட். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு, அதாவது ஜிடிபியோடு ஒப்பிட்டால் 64.3 சதவீதம். அதே தேதியில் மலேசியாவின் வெளிக்கடன் 1,242.4 பில்லியன் ரிங்கிட், 68.2 சதவீதம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. குழப்பத்துக்கு அதுவே போதும். வாட்ஸ்அப்பில் ஒருவர் முதல் எண்ணை அனுப்பி "நாடு வெளிநாட்டுக்காரனுக்கு இவ்வளவு பாக்கி" என்கிறார். இன்னொருவர் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொண்டு "அரசாங்கம் வாங்கிய கடன்" என்று எழுதுகிறார். மூன்றாமவர் இரண்டையும் கூட்டி ஜிடிபியில் 130 சதவீதம் என்று பயமுறுத்துகிறார். மூவர் சொல்வதும் தவறு. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பது தற்செயல்தான்.

முதல் எண் "கடன் வாங்கியவர் யார்" என்று கேட்கிறது. விடை: அரசாங்கம். இரண்டாவது எண் "கடன் கொடுத்தவர் யார்" என்று கேட்கிறது. விடை: வெளிநாட்டில் இருப்பவர். கேள்வியே வேறு என்பதால் இந்த இரண்டையும் கூட்டவும் கூடாது, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கவும் கூடாது.

முதலில் சில சொற்கள்

ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. ஆக, 1,172.5 பில்லியன் என்பது 1.17 லட்சம் கோடி ரிங்கிட்டைச் சற்றே தாண்டும்.

ஓர் ஆண்டில் அரசாங்கத்தின் செலவு வரவை மிஞ்சும் தொகை பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து நிற்பது கடன். பற்றாக்குறை குழாயில் வரும் தண்ணீர் என்றால், கடன் தொட்டியில் நிற்கும் தண்ணீர். குழாயைப் பாதி மூடினாலும் தொட்டி நிறைந்துகொண்டுதான் இருக்கும். மலேசிய அரசியல் மேடைகளில் இந்த வித்தியாசம் அடிக்கடி காணாமல் போய்விடும். புதிதாக வாங்கிய கடன் 2022-இல் சுமார் 100 பில்லியன், 2023-இல் சுமார் 93 பில்லியன், 2024-இல் சுமார் 77 பில்லியன். "கடனைக் குறைத்துவிட்டோம்" என்று ஆளுங்கட்சி சொல்வதும், "கடன் கூடிவிட்டது" என்று எதிர்க்கட்சி சொல்வதும் இதே மூன்று எண்களைக் காட்டித்தான். ஒருவர் குழாயைப் பார்க்கிறார், மற்றவர் தொட்டியைப் பார்க்கிறார்.

சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2021 முடிவில் கடன் 980 பில்லியனை ஒட்டி இருந்தது, விகிதம் 63 சதவீதத்துக்கு மேல். 2022 முடிவில் கடன் 1,080 பில்லியனை எட்டியது, விகிதமோ 60 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கடன் 100 பில்லியன் கூடியும் விகிதம் ஏன் குறைந்தது? கோவிட் முடக்கத்திலிருந்து மீண்ட ஆண்டு அது. கச்சா எண்ணெய், பாமாயில் விலையும் உச்சத்தில் இருந்தது. வகுக்கும் எண்ணான ஜிடிபி கடனைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பது யார்?

கூட்டரசு அரசாங்கக் கடனில் ஏறத்தாழ 97 சதவீதத்துக்கு மேல் ரிங்கிட்டிலேயே வாங்கியது. டாலர், யென் போன்ற வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியது மிகச் சிறிய பங்கு. அப்படி வாங்கியதற்கு அண்மைக்கால உதாரணம் 2019 மார்ச்சில் ஜப்பானில் வெளியிட்ட 200 பில்லியன் யென் சாமுராய் கடன்பத்திரம். ஜப்பான் அரசு வங்கி ஒன்று உத்தரவாதம் கொடுத்ததால் வட்டி ஆண்டுக்கு 0.53 சதவீதம்தான்.

மற்றதெல்லாம் பெரும்பாலும் இரண்டு வகைக் கடன்பத்திரங்கள். ஒன்று வழக்கமான எம்ஜிஎஸ். மற்றது வட்டி என்ற பெயரில்லாமல் இஸ்லாமிய நிதிமுறைப்படி லாபம் தரும் எம்ஜிஐஐ. அரசாங்கத்தின் முகவராக இருந்து மத்திய வங்கியான பேங்க் நெகாரா இவற்றை ஏலம் விடும். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எல்லாரும் வாங்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி போகும்.

வாங்குவோரில் மிகப் பெரிய கை ஊழியர் சேமநிதி வாரியம். கிள்ளானில் மாதம் 3,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், சம்பளம் வாங்கும் ஒருவரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 11 சதவீதம், அதாவது 330 வெள்ளி. முதலாளி பங்கு 13 சதவீதம், 390 வெள்ளி. மாதம் 720 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. இப்படி நாடு முழுக்கச் சேரும் பணத்தின் ஒரு பகுதியில் வாரியம் எம்ஜிஎஸ் வாங்குகிறது. புத்ராஜெயாவில் இருக்கும் அரசாங்கம் அந்தப் பணத்தில் சாலை போடுகிறது, பள்ளிக்கூடம் கட்டுகிறது. வட்டியாகத் திரும்பும் தொகை ஆண்டு முடிவில் லாப ஈவின் ஒரு பகுதியாக அதே ஊழியரின் கணக்கில் ஏறுகிறது.

அப்படியானால் "ஒவ்வொரு மலேசியர் தலையிலும் 34,000 ரிங்கிட் கடன்" என்ற கணக்கு என்ன ஆனது? வகுத்தல் சரிதான். ஆனால் அந்தத் தலைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் கடன் கொடுத்தவர்களும்கூட. அரசாங்கக் கடன்பத்திரங்களில் வெளிநாட்டார் வைத்திருப்பது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மீதி உள்நாட்டுக் கைகளில்தான் இருக்கிறது.

இதனால் கடன் லேசாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. கடன்காரர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் ஒரே நாளில் எல்லாரும் எழுந்து வெளியேற மாட்டார்கள். சொந்த நாணயத்தில் இருப்பதால் ரிங்கிட் விழுந்தாலும் கடன் ஊதாது. ஆனால் வட்டி வட்டிதான். அதைப் பிறகு பார்ப்போம்.

வெளிக்கடன்: இது அரசாங்கத்தின் கணக்கு அல்ல

வெளிக்கடன் என்பது மலேசியாவில் இருக்கும் யாராக இருந்தாலும், அரசாங்கமோ வங்கியோ தனியார் கம்பெனியோ, வெளிநாட்டில் இருப்பவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகைகளின் கூட்டல். எந்த நாணயத்தில் வாங்கியது என்பது இதில் பொருட்டல்ல. அந்த 1,242 பில்லியனுக்குள் இருப்பவை:

1. பெரிய நிறுவனங்கள் வெளிச்சந்தையில் வாங்கிய கடன். அரசுக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ் 2020 ஏப்ரலில் 6 பில்லியன் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அது இந்தக் கணக்கில் வரும், கூட்டரசு அரசாங்கக் கடனில் வராது.

2. தாய் நிறுவனம் தன் கிளைக்குக் கொடுத்த கடன். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க சிப் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய இயந்திரம் வாங்கத் தலைமையகம் 50 மில்லியன் டாலரைக் கடனாக அனுப்பினால் மலேசியாவின் வெளிக்கடன் அன்றே 50 மில்லியன் டாலர் கூடும். நடந்தது என்னவோ முதலீடு! கணக்கில் அது கடன்.

3. வங்கிகளுக்கு இடையிலான கடன். மேபேங்க், சிஐஎம்பி போன்ற வங்கிகளுக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. ஓரிடத்தில் உபரியாக இருக்கும் பணத்தை இன்னோரிடத்துக்கு நகர்த்துவது அவற்றுக்கு அன்றாட வேலை. அதில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன்.

4. வெளிநாட்டார் மலேசிய வங்கிகளில் போட்டுள்ள வைப்புத்தொகை, இறக்குமதியாளர்கள் பின்னர் தருவதாகச் சொல்லி வாங்கிய சரக்குக்கான பாக்கி.

5. வெளிநாட்டார் கையில் இருக்கும் ரிங்கிட் கடன்பத்திரங்கள், முக்கியமாக எம்ஜிஎஸ், எம்ஜிஐஐ.

ஐந்தாவதையும் நான்காவதையும் மலேசியா எப்போதும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் வரையறைக்கு ஏற்ப 2014-இல்தான் பேங்க் நெகாரா கணக்கை விரித்தது. ஒரு காலாண்டில் இருந்ததைவிட அடுத்த காலாண்டில் வெளிக்கடன் ஏறத்தாழ இரு மடங்கு கனமாகத் தெரிந்தது. யாரும் புதிதாகக் கடன் வாங்கவில்லை, தராசுதான் மாறியது. இன்றும் 2013-க்கு முந்தைய பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டு "பத்தே ஆண்டில் இப்படி!" என்று சுற்றில் விடுகிறார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு செங்குத்தான படி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு கணக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் இந்த ஐந்தாவது வகையும் அரசாங்கத்தின் வெளிநாட்டு நாணயக் கடனும் மட்டும்தான். அரசாங்கக் கடனில் ஏறத்தாழ கால் பங்கு வெளிக்கடனிலும் எண்ணப்படுகிறது. அரசாங்கக் கடனில் மீதி முக்கால் பங்கு வெளிக்கடனுக்குள் வராது. வெளிக்கடனின் பெரும்பகுதி அரசாங்கத்துடையது அல்ல.

ரிங்கிட் அசைந்தால் வெளிக்கடன் அசையும்

வெளிக்கடனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரிங்கிட்டில் இருக்கிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டு நாணயத்தில். அறிக்கை மட்டும் ரிங்கிட்டில் வெளிவருகிறது. அதனால் நாணய மாற்று விகிதம் எண்ணைத் தூக்கும், இறக்கும்.

2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. 1998-க்குப் பிறகு அதுதான் மிகத் தாழ்ந்த நிலை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஒரு பில்லியன் டாலர் கடன் பிப்ரவரியில் 4.80 பில்லியன் ரிங்கிட், செப்டம்பரில் 4.12 பில்லியன். ஒரு சென் கூடத் திருப்பிக் கட்டாமல் 680 மில்லியன் ரிங்கிட் கரைந்துவிட்டது. இதை யாரும் சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியாது. எதிர்த்திசையில் போகும்போது அதை ஊழல் என்று சொல்லவும் முடியாது.

அரசாங்கமே வெளிநாட்டு நாணயத்தில் நிறையக் கடன்பட்டிருந்த காலமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கனரகத் தொழில் திட்டங்களுக்காக மலேசியா ஜப்பானிடம் யென்னில் கடன் வாங்கியது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டன. டாலருக்கு 240 என்று இருந்த யென் ஓர் ஆண்டுக்குள் 160-க்கும் கீழே வந்தது. கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் செய்யாமலேயே யென் கடனின் சுமை ஏறிப்போனது. 1986-இல் கூட்டரசுக் கடன் ஜிடிபியில் 100 சதவீதத்தையும் தாண்டியது. ஆம், இன்றைய 64 சதவீதத்தைவிட மிக மோசம். அப்புறம் வந்த வேக வளர்ச்சியும் 1993 முதல் 1997 வரை தொடர்ந்த உபரி பட்ஜெட்டும் சேர்ந்து அதை 1997-இல் 32 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தன. உபரி பட்ஜெட் என்பது அதோடு சரி. 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறைதான்.

"இலங்கை மாதிரி ஆகிவிடுமா?"

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, மலேசியாவில் தமிழர் மட்டுமல்ல, எல்லாருமே கேட்ட கேள்வி இது. பதிலுக்கு வெறும் கடன் விகிதத்தைப் பார்த்தால் பயனில்லை. பார்க்க வேண்டியவை வேறு.

முதலில், இலங்கை அரசின் கடனில் கணிசமான பகுதி டாலர் உள்ளிட்ட வெளிநாட்டு நாணயத்தில் இருந்தது. ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாது. மலேசிய அரசின் கடன் ஏறத்தாழ முழுக்க ரிங்கிட்.

அடுத்தது, நாட்டுக்குள் டாலர் வருகிறதா என்பது. மலேசியாவின் நடப்புக் கணக்கு, அதாவது வணிகம் போன்றவற்றால் வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம், 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் உபரியில் இருக்கிறது. சிப், எல்என்ஜி என்ற திரவ எரிவாயு, பாமாயில் எல்லாம் டாலர் கொண்டுவருகின்றன. இலங்கைக்கோ பல ஆண்டுகளாகப் பற்றாக்குறை. கோவிட் வந்து சுற்றுலாவும் நின்றபோது கையிருப்பு கரைந்தது. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் கொடுக்க டாலர் இல்லை.

மூன்றாவதாகக் கையிருப்பு. இங்கேதான் மலேசியாவைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 2023 முடிவில் பேங்க் நெகாராவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 113.5 பில்லியன் டாலர். ஓர் ஆண்டுக்குள் கட்ட வேண்டிய குறுகிய கால வெளிக்கடனோடு ஒப்பிட்டால் 1.0 மடங்கு. ஒன்றுக்கு ஒன்று! விரல் நுனியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. பேங்க் நெகாரா தரும் விளக்கம்: அந்தக் குறுகிய காலக் கடனில் பெரும்பகுதி வங்கிக் குழுமங்களுக்குள்ளும் நிறுவனக் குழுமங்களுக்குள்ளும் புழங்குவது. வங்கிகளுக்கும் பெட்ரோனாஸுக்கும் சேமநிதிக்கும் வெளிநாட்டில் சொத்துக்கள் இருக்கின்றன. டாலர் தேவை எல்லாம் மத்திய வங்கியின் கதவைத்தான் தட்ட வேண்டும் என்றில்லை. இந்த விளக்கம் நியாயமானது. ஆனாலும் அந்தச் சொத்துக்கள் தனியாருடையவை, நெருக்கடி நாளில் அவர்கள் அவற்றை உள்ளே கொண்டுவருவார்களா என்பது அவர்கள் முடிவு. அதனால்தான் 2024 தொடக்கத்தில் ரிங்கிட் சரிந்தபோது, அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு வருமானத்தைத் தாயகம் கொண்டுவந்து ரிங்கிட்டாக மாற்றும்படி ஊக்குவிக்கப்பட்டன.

1997 கற்றுக்கொடுத்ததும் இதைத்தான். அந்த ஆண்டு ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட்டை மிதக்கவிட்டபோது தாய்லாந்து, இந்தோனேசிய அரசாங்கங்களின் கடன் ஒன்றும் பயங்கரமாக இல்லை. விழுந்தது தனியார்: குறுகிய கால டாலர் கடனை வாங்கி நீண்ட காலத் திட்டங்களில் போட்ட வங்கிகளும் கம்பெனிகளும். வங்கிகளைத் தூக்கி நிறுத்தப் போய்த்தான் இந்தோனேசிய அரசின் கடன் பின்னர் ஊதியது. மலேசியாவில் வெளிநாட்டுக் கடன் வாங்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும் என்ற கெடுபிடி இருந்ததால் அத்தகைய கடன் குறைவு. இருந்தும் 2.50-ஐ ஒட்டி இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. அந்த செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். கட்டு அவிழ்ந்தது 2005 ஜூலை 21 அன்று.

ஆக, அரசாங்கக் கடன் குறைவாக இருப்பது நாணய நெருக்கடிக்குத் தடுப்பூசி அல்ல. வெளிக்கடன் பெரிதாகத் தெரிவதாலேயே நெருக்கடி வந்துவிடும் என்றும் இல்லை. யார் வாங்கியது, எந்த நாணயம், எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் சதவீதத்தை வைத்து ஆரூடம் சொல்ல முடியாது.

பேரேட்டுக்கு வெளியே இருக்கும் கடன்

2018 மே மாதம் ஆட்சி மாறியதும் புதிய நிதியமைச்சர் லிம் குவான் எங் ஓர் எண்ணைச் சொன்னார்: 1.087 டிரில்லியன் ரிங்கிட், ஜிடிபியில் 80.3 சதவீதம். அதுவரை மக்கள் கேட்டுவந்தது 50 சதவீதத்தைச் சுற்றிய எண். பழைய அரசு பொய் சொன்னதா, புதிய அரசு ஊதிக் காட்டியதா என்று மாதக்கணக்கில் சண்டை. எண்ணைப் பிரித்துப் பார்த்தால் சண்டைக்கு வேலையில்லை. 2017 முடிவுக் கணக்கு இது:

1. அதிகாரபூர்வக் கூட்டரசுக் கடன்: 686.8 பில்லியன் ரிங்கிட், 50.8 சதவீதம்.

2. மற்ற நிறுவனங்கள் வாங்கிய கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்ததில், தானே கட்ட வேண்டியிருக்கும் என்று கருதப்பட்ட பகுதி: 199.1 பில்லியன், 14.6 சதவீதம்.

3. தனியார் கட்டிக்கொடுத்த பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், சாலை போன்றவற்றுக்கு அரசாங்கம் ஆண்டாண்டாகக் கட்ட வேண்டிய குத்தகைத் தொகை: 201.4 பில்லியன், 14.9 சதவீதம்.

முதல் வரியில் இருப்பது மட்டுமே உலக வழக்கில் அரசாங்கக் கடன். அந்த வகையில் பழைய 50.8 சரிதான். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் கற்பனை இல்லை, பணம் போகத்தான் போகிறது. நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு இது நன்றாகத் தெரியும். தன் பெயரில் கடன் இல்லை என்று அவர் சொல்லலாம், நண்பன் கட்டாத மாதம் வங்கிக்காரன் இவர் வீட்டுக்குத்தான் வருவான். கிள்ளான் பள்ளத்தாக்கின் எம்ஆர்டி ரயிலுக்கு டானாஇன்ஃப்ரா நிறுவனம் திரட்டிய நிதி இப்படி அரசாங்க உத்தரவாதத்தில் வந்தது. உயர்கல்விக் கடன் கொடுக்கும் பிடிபிடிஎன் கடன் திரட்டுவதும் அப்படித்தான்.

அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரத்தில் இதற்கும் ஒரு படி கீழே போனார்கள். 2012, 2013-இல் அந்த நிறுவனம் மூன்று தவணையாக மொத்தம் 6.5 பில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. அதில் 2013 மார்ச்சில் வந்த 3 பில்லியன் டாலருக்கு அரசாங்கம் கொடுத்தது உத்தரவாதம்கூட இல்லை, ஓர் "ஆதரவுக் கடிதம்". கடிதம் என்பதால் கடன் கணக்கில் வராது, உத்தரவாதக் கணக்கிலும் வராது. வட்டி மட்டும் 4.4 சதவீதம், ஆண்டுக்கு 132 மில்லியன் டாலர். கடைசியில் சுமை அரசாங்கத்தின் தோளில்தான் விழுந்தது. அந்தப் பத்திரம் 2023 மார்ச்சில் முதிர்ந்தது.

அதே 2018 மே 30 அன்று கடனை அடைக்க உதவலாம் என்று மக்களிடமிருந்து நன்கொடை திரட்ட 'தாபுங் ஹராப்பான்' நிதி தொடங்கப்பட்டது. உண்டியலை உடைத்துக்கொண்டு வந்த குழந்தைகளும் உண்டு. சேர்ந்தது சுமார் 203 மில்லியன் ரிங்கிட். அந்த ஆண்டு அரசாங்கம் கட்டிய வட்டி 30.5 பில்லியன். திரட்டிய பணம் இரண்டரை நாள் வட்டிக்கு வந்திருக்கும்.

சுடும் இடம் வட்டி

திவாலாகும் பயத்தைவிட மலேசியாவுக்கு உண்மையான தலைவலி இதுதான் என்பது என் கணிப்பு. கடனின் அசல் முதிரும்போது புதிய பத்திரம் விற்றுப் பழையதை அடைப்பார்கள். வட்டியை மட்டும் வருமானத்திலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

2010-களின் தொடக்கத்தில் அரசாங்க வருமானத்தில் வட்டிக்குப் போனது 10 சதவீதத்தை ஒட்டி. 2023-இல் வருமானம் 315 பில்லியன், வட்டி 46.3 பில்லியன், அதாவது 14.7 சதவீதம். 2025 பட்ஜெட் மதிப்பீட்டில் வட்டி 54.7 பில்லியன், 16.1 சதவீதம். நிதியமைச்சு தனக்குத்தானே வைத்துக்கொண்ட எல்லை 15. அதே பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன். நாட்டின் மருத்துவமனை, கிளினிக், மருந்து, டாக்டர் சம்பளம் எல்லாவற்றையும்விட வட்டி பெரிது.

வட்டி விகிதம் ஏறியதால் இப்படி ஆகிவிட்டதா? பத்தாண்டு எம்ஜிஎஸ் 4 சதவீதத்துக்கு முன்பின்னாகத்தான் பல ஆண்டுகளாக இருக்கிறது. கடன் பெருத்தது ஒரு காரணம். வருமானம் அதற்கு ஈடாக வளராதது இன்னொரு காரணம், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2012-இல் ஜிடிபியில் 21 சதவீதத்தை ஒட்டி இருந்த கூட்டரசு வருமானம் இப்போது 17-ஐச் சுற்றி நிற்கிறது. 2015 ஏப்ரலில் 6 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூனில் அது பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. அந்த இடைவெளியை நிரப்ப பெட்ரோனாஸ் இழுக்கப்பட்டது. 2019-இல் மட்டும் அது கொடுத்த ஈவுத்தொகை 54 பில்லியன், அதில் 30 பில்லியன் சிறப்புத் தொகை. எண்ணெய் விலை இறங்கினால் இந்தக் கறவை மாடும் வற்றும்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் மானியம் குறைக்கப்பட்டு டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குத் தாவியது. அதே ஆண்டு மார்ச்சில் சேவை வரி 6-லிருந்து 8 சதவீதமானது. எண்ணெய் நிலைய மீட்டரில் ஓடிய அந்த 1.20 ரிங்கிட்டுக்கும், ஏலத்தில் விற்ற எம்ஜிஎஸ்ஸுக்கும் இதுதான் தொடர்பு: வட்டிக்குப் போன பங்கு கூடக் கூட, மானியத்துக்கும் மருத்துவமனைக்கும் மிஞ்சுவது குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்நாட்டுக் கடன்பத்திரங்களுக்கு ஜிடிபியில் 55 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பு கோவிட் காலத்தில், 2020-இல் 60 ஆகவும் 2021-இல் 65 ஆகவும் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு நாணயக் கடனுக்குத் தனியாக 35 பில்லியன் ரிங்கிட் வரம்பு. இந்த 65-இல் வெளிநாட்டு நாணயக் கடன் சேராது. அதனால் சட்டக் கணக்கு தலைப்புச் செய்திக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். "64.3 வந்துவிட்டது, இன்னும் 0.7தான் பாக்கி" என்று எழுதுவது இதை மறந்ததால் வருவது.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிப் பொறுப்புச் சட்டம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் எட்ட வேண்டிய இலக்குகளை வைத்தது: கடன் 60 சதவீதத்துக்குள், பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள், உத்தரவாதம் 25 சதவீதத்துக்குள். உத்தரவாதத்துக்கு ஒரு வரம்பு எழுத்தில் வந்தது 1எம்டிபி விட்டுச்சென்ற நல்ல விளைவுகளில் ஒன்று என்று சொல்லலாம்.

எட்ட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 முடிவில் கடன் சுமார் 1,250 பில்லியன், ஜிடிபி சுமார் 1,930 பில்லியன், விகிதம் 64.7-ஐ ஒட்டி. விலைவாசி உயர்வையும் சேர்த்து ஜிடிபி ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் 4.1 சதவீதமாக இருந்த பற்றாக்குறை உடனே 3 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் விகிதம் 64.0. இரண்டாம் ஆண்டு 63.4. ஐந்தாம் ஆண்டு முடிவில் 61.7. அறுபதைத் தொட ஒன்பது ஆண்டுகள் ஆகும். ஐந்து ஆண்டுக்குள் 60 வேண்டுமானால் பற்றாக்குறை சட்டம் சொல்லும் 3 சதவீதத்துக்கும் கீழே, 2.6-ஐ ஒட்டி, முதல் ஆண்டிலிருந்தே இருந்தாக வேண்டும். 1998 முதல் இன்றுவரை மலேசியா அந்த அளவுக்குக் கீழே போன ஆண்டைத் தேடினால் பட்டியலில் 1998 மட்டுமே நிற்கிறது.